லாரன்ஸ் பாதிரியாரை ஏன் சும்மா விட்டுவிடுகிறோம்?

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் காதலர்கள் ரோமியோ, ஜூலியட் சாவுக்கு யார் காரணம் என்று கேட்டால் பாதிப் பேர் விதி என்பார்கள், மீதிப் பேர் குடும்பப் பகை என்பார்கள். விதியைக் கூண்டில் ஏற்ற முடியாது. பகை என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் யார் தலையிலும் பழி விழாது. என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி லாரன்ஸ் பாதிரியார்தான்.

ரோமியோ அவசரக்காரன், ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு இரவு பார்த்தவளைத் திங்களன்று கட்டிக்கொண்டு, அன்றைக்கே அவளுடைய மாமன் மகன் டைபால்ட்டைக் கொன்றவன். ஆனால் சின்னப் பையன். ஜூலியட்டுக்கோ 14 வயதுகூட நிரம்பவில்லை.

ஜூலியட்டின் அப்பா கபுலெட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. பாரிஸ் என்ற பிரபு பெண் கேட்டபோது, ‘இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் சம்மதமும் வேண்டும்’ என்று பெருந்தன்மையாகப் பேசியவர், மறுநாள் இரவே வியாழக்கிழமை கல்யாணம் என்று முடிவு கட்டிவிடுகிறார். மகள் மறுத்தால், ‘தெருவில் பிச்சையெடுத்துச் சாவு’ என்கிறார். அவள் பணிந்ததுபோல் நடித்ததும், சந்தோஷத்தில் கல்யாணத்தைப் புதன்கிழமைக்கு இழுத்துவிடுகிறார். அந்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால் டைபால்ட்டைக் கொன்றதற்காக நாடுகடத்தப்பட்ட ரோமியோ தங்கியிருந்த மான்டுவா நகருக்கு இன்னொரு ஆளை அனுப்ப நேரம் கிடைத்திருக்கும். இருந்தாலும், மகளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது அவருக்குத் தெரியாதே!

தாதிக்குத் தெரியும். ஆனால் அவள் சம்பளத்துக்கு இருப்பவள், வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பாதிரியாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரு வீட்டுப் பகையும் தீரும் என்று கணக்குப் போட்டுக் கல்யாணத்தை நடத்திவைத்தவரே அவர்தான். ஊருக்கே தெரியாத கல்யாணம் எப்படிப் பகையைத் தீர்க்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பாரிஸ் நேரில் வந்து தேதி சொல்கிறான். அப்போதும் ‘அவள் இன்னொருவன் மனைவி’ என்ற ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக அந்தச் சிறுமியிடம் 42 மணி நேரம் பிணம்போல் கிடக்க வைக்கும் மருந்தைக் கொடுக்கிறார்.

இந்த மருந்துத் திட்டத்தைச் சொல்லி அவர் ரோமியோவுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேராததை நான் அவர் கணக்கில் எழுதமாட்டேன். கொள்ளைநோய்ச் சந்தேகத்தில், அதைக் கொண்டுபோக வேண்டிய ஜான் பாதிரியாரை ஒரு வீட்டில் அடைத்துவிட்டார்கள். சரி, விடுவோம். கல்லறையில் நடந்ததற்கு என்ன சமாதானம்?

ஜூலியட் கண் விழிக்கிறாள். பக்கத்தில், அவள் உண்மையிலேயே செத்துவிட்டாள் என்று நம்பி விஷம் குடித்த ரோமியோவும், அவன் கையால் வெட்டுப்பட்ட பாரிஸும் செத்துக் கிடக்கிறார்கள். ‘வா, கன்னிமடத்தில் சேர்த்துவிடுகிறேன்’ என்கிறார் லாரன்ஸ். அவள் நகரவில்லை. வெளியே காவலர் சத்தம் கேட்கிறது. ‘இதற்குமேல் இங்கே நிற்க எனக்குத் துணிவில்லை’ என்று அவளைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திங்கள் இரவு ரோமியோ குத்திக்கொண்டு சாகப் பார்த்தது இவர் அறையில்தான். அடுத்த நாள் ஜூலியட் கையில் கத்தியோடு சாகத் துணிந்து வந்து நின்றதும் இதே அறையில்தான். இரண்டு பேரையும் அந்த நிலையில் கண்ணால் பார்த்தவர் இவர். அப்படிப்பட்டவர், செத்த கணவனின் குத்துவாள் எட்டும் தூரத்தில் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு ஓடினார் என்றால், ‘எதிர்பார்க்கவில்லை’ என்று சொல்ல அவருக்கு வாயில்லை.

கடைசியில் வெரோனாவின் இளவரசர், ‘உம்மைப் புனிதர் என்றே அறிந்திருக்கிறோம்’ என்று சொல்லி விட்டுவிடுகிறார். ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்த 1562ஆம் ஆண்டின் நெடுங்கவிதையில் தீர்ப்பு இன்னும் விவரமாகவே இருக்கிறது: விஷம் விற்ற மருந்துக்காரனுக்குத் தூக்கு, தாதிக்கு நாடுகடத்தல், பாதிரியாருக்கு விடுதலை. அந்தத் தூக்கையும் நாடுகடத்தலையும் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சொல்லவில்லை. பாதிரியாரின் விடுதலையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்.