பாட்டி ஏன் பேங்கை நம்பவில்லை

முகநூலில் இப்போது ‘தலைமுறைக் காயம்’ என்றொரு பேச்சு ஓடுகிறது. தாத்தா பாட்டி பட்ட துன்பம் மரபணு வழியாக நமக்குள் இறங்கிவிட்டதாம், மூன்று நாள் முகாமில் அதை வெளியே எடுத்துவிடலாமாம். பர்மாவில், யாங்கோனில் (பழைய ரங்கூன்) பிறந்து வளர்ந்த தமிழனாக எனக்கு இதில் பாதி ஒப்புதல், பாதி எரிச்சல்.

1966இல் மாண்ட்ரியலைச் சேர்ந்த மனநல மருத்துவர் விவியன் ராக்கோஃப் ஒரு விஷயத்தை எழுதினார். நாஜி கொடுமையிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகள், நாஜிகளின் வதை முகாம்களைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள், மனச்சிக்கலோடு சிகிச்சைக்கு வருகிறார்கள் என்று. இதை நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தார்கள், அரக்கான் பக்கமும், எல்லையில் உள்ள தாமு வழியாக இம்பாலுக்கும். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் பல்லாயிரம் பேர்.

என் பாட்டி தாமு வழியில் போய், சண்டை முடிந்து திரும்பி வந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார். அப்பாவுக்கு மூத்ததாக ஒரு பெண் குழந்தை இருந்ததும், அந்தப் பாதையிலேயே அது போய்விட்டதும், பாட்டி இறந்த பிறகு அத்தை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழந்தை எங்கள் வீட்டில் எப்போதும் இருந்திருக்கிறது. ராத்திரி எங்களில் யாராவது இருமினால் வீடு முழுக்க விளக்கு எரியும், அப்பா விடியும்வரை உட்கார்ந்திருப்பார். ஏன் இப்படி என்று அவருக்கே தெரியாது. தன் அம்மா முகத்தில் பார்த்துப் பழகிய பயம் அது.

இதற்கு மரபணு எதற்கு? அதிகம் பகிரப்படுவது அமெரிக்க ஆய்வாளர் ரேச்சல் யெஹூதா குழுவின் ஆய்வு. நாஜி கொடுமையில் தப்பியவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் ஒரு மரபணுவின் மேல் உள்ள ரசாயனக் குறிகள் மாறியிருந்தன என்றார்கள். அதில் பெற்றோர் வெறும் 32 பேர். அதோடு பெற்றோரிடம் அந்தக் குறி கூடியிருந்தது, பிள்ளைகளிடம் குறைந்திருந்தது. ஆராய வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வளர்ப்பில் வந்தது எது, கருவில் வந்தது எது என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதைக் காட்டி முகாமுக்குக் கட்டணம் வாங்குவது வியாபாரம்.

இன்னொரு எரிச்சல், எல்லாப் பயத்தையும் நோய் என்று சொல்லிவிடுவது. பாட்டி கடைசிவரை பேங்கில் காசு போடவில்லை. கையில் மிஞ்சினால் தங்கம், அதுவும் இடுப்பில். ‘பழைய காலத்து மனுஷி’ என்று சிரிப்போம். 1964 மே மாதம் ஜெனரல் நே வின்னின் ராணுவ அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. கடைகளை ஏற்கெனவே அரசுடைமை ஆக்கியிருந்தார்கள். அந்த வருஷங்களில் கிட்டத்தட்ட 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள், கொண்டுபோக விட்டது கொஞ்சம்தான். 1985இல் மறுபடியும் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள், அந்தமுறை மாற்றிக்கூடத் தரவில்லை. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஏடிஎம் வரிசையில் விடியற்காலை நின்றவர்கள் நாம்தானே? பாட்டிக்கு இருந்தது நோயா, கணக்கா?

அடையாள அட்டைப் பயமும் அப்படித்தான். எங்கள் தெருவில் பல வீடுகளில் அடையாள அட்டை, வீட்டுப் பட்டியல், தாத்தா காலத்துத் தாள் எல்லாம் கதவோரம் ஒரே பையில் இருக்கும். 1982 குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று வகையாகப் பிரித்து, 1823க்கு முன்னால் இங்கே இருந்த இனங்களை முன்வைக்கிற நாட்டில், அந்தப் பையை அவிழ்த்து வைக்கச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. காரணம் இன்னும் உயிரோடு இருக்கிற பயம் வேறு, காரணம் போன பிறகும் தங்கிவிட்ட பயம் வேறு. ராத்திரி இருமலுக்கு விளக்குப் போடுவது இரண்டாவது வகை. அதைத்தான் ஆற்ற முடியும்.

எப்படி? சொல்லித்தான். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் குடும்பக் கதை பற்றிப் பிள்ளைகளிடம் 20 கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். கதை அதிகம் தெரிந்த பிள்ளைகள் மனத்தளவில் திடமாக இருந்தார்கள். கேள்விகளை மனப்பாடம் பண்ண வைத்தால் பயனில்லை, வீட்டில் பேச்சுப் புழங்க வேண்டும். பெரியவர்களிடம் ‘உங்களுக்கு எப்படி இருந்தது’ என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். எந்த ஊரில் தங்கினீர்கள், சோறு யார் போட்டார்கள், எதைத் தூக்கிப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எழுந்து போனால் விட்டுவிடுங்கள், துருவாதீர்கள். தூக்கமே வராமல், கனவில் கத்திக்கொண்டு இருப்பவர்களுக்கு வீட்டுப் பேச்சு போதாது, மருத்துவர் வேண்டும். இங்கே தமிழில் பேசும் மருத்துவரை எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

அப்புறம், 1964க்குப் பிறகு கப்பலேறி மதராஸ் போன குடும்பத்துக்காரர்கள் இதைப் படித்தால், கிளம்புவதா இருப்பதா என்று உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். தாத்தாவின் தம்பி போனார், தாத்தா இருந்துவிட்டார். எங்களிடம் இருப்பது இருந்தவர் பக்கத்துக் கதை மட்டும்தான்.