அட்டையைப் பிரிக்காத ஜோக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் பழைய நண்பன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கண்ணாடி அலமாரி நிறைய ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கப் படைவீரர் பொம்மைகள். ஒன்றைக்கூட அட்டையிலிருந்து பிரிக்கவில்லை. "பிரிச்சா வெல போயிரும் மக்கா" என்றான். அன்று ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

1964இல் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி முதல் ஜி.ஐ. ஜோவைக் கொண்டுவந்தபோது, ஆண் பிள்ளைகள் பொம்மை வாங்க மாட்டார்கள் என்று பயந்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர் வைத்தார்கள். நமக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை, எல்லாமே பொம்மைதான். எங்கள் கைக்கு வந்தவை 1982க்குப் பிறகு வந்த சின்ன வகை, 3.75 அங்குலம். இந்தியாவில் ஃபன்ஸ்கூல் செய்தது. அமெரிக்கப் பொம்மைக்கு ஒரு நிறம் என்றால் நம்முடையதற்குச் சில நேரம் வேறு நிறம் இருக்கும். அந்த நிறத்துக்காகவே இன்று வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள்.

எனக்குப் பொம்மையைவிட அட்டையின் பின்பக்கம் பிடிக்கும். ஒவ்வொரு வீரனுக்கும் பெயர், பிறந்த ஊர், பதவி, வேலை எல்லாம் அதில் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா, அவரே ராணுவத்தில் இருந்தவர். ரோட்பிளாக் என்றொரு வீரன், கையில் கனத்த மெஷின்கன், ஆனால் கற்றது சமையல்! அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த அந்தக் கார்டுகளை நோட்டுக்குள் வைத்து மனப்பாடம் செய்திருக்கிறேன். அட்டையைப் பிரிக்காமல் எப்படி வெட்டுவது?

பத்து வீரர்களை வைத்து நாங்கள் விளையாடியது குளச்சல் போர். 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த போர். பள்ளியில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போய் அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையைக் காட்டியிருந்தார்கள். அவரே பிறகு திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்தார் என்ற கதை எங்கள் விளையாட்டின் விதியாகிவிட்டது. தோற்றவனைக் கொல்லக் கூடாது, நம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜோக்களின் எதிரிப் படையான கோப்ரா ஆட்கள் காலையில் எதிரி, சாயங்காலம் நம்ம ஆள். முற்றத்து மணல்தான் குளச்சல் கடற்கரை.

இப்படி விளையாடினால் உடையத்தான் செய்யும். முதலில் கட்டைவிரல் போகும். அப்புறம் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், அந்த ஓ ரிங், அறுந்து இடுப்புக்குக் கீழே தனியாக வந்துவிடும். முதுகில் உள்ள ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினால் ஆள் முழுசாகப் பிரிந்துவிடுவான். ரப்பருக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பட்டையில் காய்ந்து நாடாவாக ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுக் கொக்கியில் மாட்டுவோம். ஒரு வாரம் தாங்கும். உள்ளே ஒட்டுப்பால் வாடை அடிக்கும் அந்த வீரர்கள்தான் எனக்கு ரொம்ப நெருக்கமானவர்கள். பெட்டியில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குக் கட்டைவிரல் இல்லை. யாரையும் எந்த விலைக்கும் கொடுக்க மாட்டேன்.

சேர்ப்பதைக் குறை சொல்லவில்லை. நானும் சேர்க்கிறவன்தான். ஆனால் மூட்டுக்கு மூட்டு மடக்கவும் கையைத் திருப்பவும் என்று யோசித்துச் செய்த ஒரு பொருளை முப்பது வருடம் பிளாஸ்டிக் குமிழுக்குள் நிற்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பதும் தப்பு. ரப்பர் மரம் வளர்க்கிற ஊர்க்காரனுக்கு இது தெரியாதா? சும்மா வைத்தாலும் ரப்பர் காயும், வெடிக்கும். உன் அலமாரியில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே வளையம் இற்றுப்போயிருக்கிறதோ.

மக்கா, இதைப் படிப்பாய் என்று தெரியும். ஒண்ணையாவது பிரி. ஓ ரிங் நான் வாங்கிட்டு வாறேன்.