ஸ்பிரேயர் பேட்டரி: அந்த பழைய சார்ஜரை மாட்டாதீங்க

ஏற்காடு காப்பித் தோட்டத்து முதுகு ஸ்பிரேயர்ல லெட் ஆசிட் பேட்டரியைக் கழட்டிட்டு, 18650ங்கிற உருளை லித்தியம் அயன் செல்லை மூணு சீரிஸா போட்டா பழைய சார்ஜரே போதும்னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க. தப்புங்க, தீப்பிடிக்கிற ஆபத்து. அந்த சார்ஜர் 14.4 வோல்ட் வரைக்கும் ஏத்தும். மூணால வகுத்தா செல்லுக்கு 4.8. லித்தியம் அயனுக்கு உச்சமே 4.2தான். பேட்டரியைக் காக்கிற சின்ன சர்க்யூட்டான பிஎம்எஸ் கட் பண்ணிடும்னு நம்ப வேண்டாம், அது கடைசிக் காவல். அதுல சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆயிட்டா தடுக்க எதுவும் இல்லை. 12.6 வோல்ட் லித்தியம் சார்ஜர் தனியா வாங்கணும்.

பழைய லேப்டாப்லேருந்து எடுத்த 18650 செல்லை பேரலல்ல சேர்க்கும் முன்னாடி ஒவ்வொண்ணோட வோல்ட்டையும் மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. அரை வோல்ட் வித்தியாசம் இருந்தாலே, ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு பல ஆம்பியர் பாயும்.