பழைய பேட்மேன் எங்கும் போகவில்லை
'அப்சல்யூட் பேட்மேன் என்ற புது காமிக்ஸ் வந்துவிட்டது, 1939 முதல் வந்த பழைய பேட்மேனை டிசி பதிப்பகம் மூட்டைகட்டிவிட்டது' என்று நண்பர் எழுதியிருப்பது தவறு. இதை நம்பிப் பழைய வாசகர்கள் ஒதுங்கிவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் தொடங்கிய அப்சல்யூட் வரிசை தனி உலகம். டிசி கதைகளின் பெரிய வில்லனான டார்க்சைடின் சக்தியில் உருவான, நாயகர்களுக்குச் சாதகமான எதையும் விட்டுவைக்காத உலகம் அது. அங்கே பேட்மேனாகும் புரூஸுக்கு மாளிகையும் இல்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை. அப்பா ஆசிரியர், அவர் கொல்லப்படுகிறார், அம்மா உயிரோடு இருக்கிறார். ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிரகோட்டா வரைந்த முதல் இதழில், மார்பிலுள்ள வௌவால் சின்னத்தைக் கழற்றிக் கோடரியாக வீசும் பக்கத்தைப் பாருங்கள். காசில்லாதவன் உடம்பையே ஆயுதமாக்கிக்கொள்கிறான் என்பது அந்த ஒரு படத்திலேயே புரிந்துவிடுகிறது. அதைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

ஆனால் வழக்கமான பேட்மேனும் கூடவே வந்துகொண்டுதான் இருந்தார். 2025 செப்டம்பரில் மேட் ஃபிராக்‌ஷன் எழுத, ஹோர்ஹே ஹிமெனெஸ் வரைய, 'பேட்மேன்' மறுபடி முதல் எண்ணிலிருந்து வந்தது. குழப்பம் இங்கிருந்தும் வந்திருக்கலாம். எண் புதிதாக ஆரம்பித்தது என்பதற்காகப் பழைய கதை அழிந்ததாகப் பொருள் இல்லை. அமெரிக்கப் பதிப்பகங்கள் புது வாசகரை இழுக்க அடிக்கடி இப்படிச் செய்வதுண்டு.

இன்னொன்று: அப்சல்யூட் படிக்கப் பழைய இதழ்கள் எதுவும் தேவையில்லை. முதல் இதழையே நேராக எடுக்கலாம்.