நிறுத்திய கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பிள்ளை வீட்டுக்கு யார் போகிறார்கள்?

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் முகூர்த்த மாதம் முடிந்ததும் செய்தி வரும்: "இத்தனை குழந்தைத் திருமணங்கள் தடுத்து நிறுத்தம்." அதில் எத்தனை கல்யாணம் மூன்றே மாதத்தில் குலதெய்வக் கோயிலில் சத்தமில்லாமல் நடந்து முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

நிறுத்துவதே எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். குழந்தைகள் உதவி எண்ணான 1098 சேவையை முன்பு தொண்டு நிறுவனங்கள் நடத்தின. 2023இல் அது அரசின் கைக்கு வந்தது. ஒன்றிய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்படி மாவட்ட உதவி மையத்தில் மேற்பார்வையாளர் மூன்று பேர், களப்பணியாளர் மூன்று பேர். 24 மணி நேரத்துக்கும் பிரித்தால் ஒரு ஷிப்டுக்கு ஒருவர் ஒருவர்தான். வைகாசி முகூர்த்த நாளில் விடியற்காலையிலேயே ஊத்தங்கரை, தளி, அஞ்செட்டி மூன்று பக்கமிருந்தும் போன் வந்தால் எங்கே முதலில் போவது? கிருஷ்ணகிரியிலிருந்து அஞ்செட்டி மலைக் கிராமத்துக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தாலி ஏறிவிடும். நிச்சயதார்த்தத்தின்போதே, பத்திரிகை அச்சாகும்போதே தகவல் வந்தால்தான் ஏதாவது செய்ய முடியும்.

ஆள் போய்ச் சேர்ந்தாலும் அடுத்த தகராறு வயது. வீட்டில் ஆதார் அட்டையை நீட்டுவார்கள், அதில் 19 என்று இருக்கும். இளைஞர் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவு வயதுக்குப் பார்க்கச் சொல்வது முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தலைமையாசிரியர் காலை ஏழு மணிக்குப் போனை எடுத்துப் பிறந்த தேதியைச் சொன்னால் அங்கேயே விவகாரம் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிய ஓட்டை. "பதினெட்டு முடியாமல் கட்டிக் கொடுக்க மாட்டோம்" என்று அப்பா அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஜீப் திரும்பிவிடும். அந்தக் காகிதத்தை மீறினாலும் கல்யாணம் செல்லாமல் போகாது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் குற்றவியல் நடுவரிடம் தடையாணை வாங்கியிருக்க வேண்டும். ஆணையை மீறி நடந்தால் அந்தத் திருமணம் செல்லவே செல்லாது, மீறியவர்களுக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. இவ்வளவு பலமான வழி இருந்தும் ஏன் கையில் எடுப்பதில்லை? மனு எழுதி நீதிமன்றத்துக்கு அலைய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருப்பது ஒரே ஒரு சட்ட அலுவலர். போக்சோ (பிள்ளைகள் மீதான பாலியல் குற்றச் சட்டம்), சிறார் வழக்கு எல்லாம் அவர் தலையில்தான்.

எல்லையைத் தாண்டிப் போய்க் கட்டுவதும் இங்கே சகஜம். கர்நாடகா 2016இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி அங்கே குழந்தைத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. நம் பக்கம் நடந்தால், தடையாணை இல்லாவிட்டால், அந்தப் பெண் தரப்பில் நீதிமன்றம் போய் ரத்து வாங்கும்வரை செல்லும். மலையின் எந்தச் சரிவில் தாலி கட்டினார்கள் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் நிலை மாறுகிறது.

கல்யாண ஆபத்தில் இருக்கும் பெண்ணை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுப்பது இந்தக் குழுதான். தலைவரோடு சேர்த்து ஐந்து பேர், இறுதி முடிவுக்கு மூன்று பேராவது வேண்டும். இடம் காலியாகி நிரப்பத் தாமதமானால் கோப்பு அப்படியே கிடக்கும். பெரும்பாலும் பிள்ளையை அம்மாவோடு அனுப்பிவிட்டு, "தொடர் கண்காணிப்பு" என்று உத்தரவில் எழுதுவார்கள்.

அதைச் செய்வது யார்? மாவட்ட அலகில் மொத்தப் பணியிடமே 12. அதில் வீடு வீடாகப் போகும் புறத்தொடர்புப் பணியாளர் இரண்டே பேர், தொகுப்பூதியத்தில். சித்தேரி மலையும் அவர்களுக்குத்தான், பென்னாகரம் காட்டோரமும் அவர்களுக்குத்தான். 15 வயதில் காப்பாற்றிய ஒரு பெண்ணை மாதம் ஒருமுறை பார்த்தால்கூட 18 ஆவதற்குள் 36 தடவை போக வேண்டும். ஐம்பது பெண்கள் என்றால் 1,800. இரண்டு பேர் எப்படிச் செய்வார்கள்? நல்ல அனுபவமுள்ளவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கண்காணிப்பு என்றால் வாசலில் நின்று கையெழுத்து வாங்குவது அல்ல. அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளை பாட்டியோடு தனியாக. மேல்நிலைப் பள்ளி தூரம், சாயங்காலம் பஸ் இல்லை. "யாரோடாவது போய்விட்டால்?" என்ற பயத்தில்தான் தாய்மாமனுக்கு முடித்துவிடப் பார்க்கிறார்கள். அங்கே வேலை என்பது கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளியிலோ அரசு விடுதியிலோ இடம் வாங்கித் தருவது, தகுதி இருந்தால் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு விண்ணப்பம் போட வைப்பது. அதற்குக் கிராமப்புற வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000. வருமானச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும், கூடவே யாராவது நடக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் நல்லதுதான். ஆனால் அது கல்லூரி போன பிறகு வருவது. நம் பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிடுகிறது.

கை நழுவினால் அடுத்து அந்தப் பிள்ளை கண்ணில் படுவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பிணியாக. 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மனைவியே ஆனாலும் 18க்குக் கீழே என்றால் உடலுறவு குற்றம்தான். போலீசுக்குத் தகவல் சொல்லாவிட்டால் டாக்டருக்கும் நர்சம்மாவுக்கும் சிக்கல். இது தெரிந்த குடும்பம் வயதைக் கூட்டிச் சொல்லும், அல்லது செக்கப்புக்கே வராது. ரத்தசோகை கடைசி மாதத்தில்தான் தெரியவரும். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். பாதுகாக்க வந்த சட்டத்துக்குப் பயந்து பிள்ளை ஆஸ்பத்திரியை விட்டே ஒளிகிறது. நலக் குழு ஒரு ஆதரவு நபரை, அதாவது வழக்கில் பிள்ளைக்குத் துணை நிற்பவரை, நியமித்து, "சிகிச்சை நிற்காது" என்று வீட்டுக்கே போய்ச் சொல்ல வைத்தால் பாதிப் பயம் போகும்.

ஊர் மட்டத்தில் இதையெல்லாம் பார்க்க வேண்டியது கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு. அதன் தலைவர் ஊராட்சித் தலைவர். இரண்டு மாவட்டத்திலும் அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, பொறுப்பு தனி அலுவலரான பிடிஓவிடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) போனது. ஒன்றியம் முழுக்க ஊராட்சிகளைப் பார்க்கும் ஒருவர் எந்த ஊர்க் குழுவில் போய் உட்காருவார்?

ஒன்றியத்துக்கு ஒரு புறத்தொடர்புப் பணியாளராவது நிரந்தரமாக வேண்டும். மாவட்ட நிர்வாகம் நிறுத்திய கல்யாணங்களோடு, ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்களில் எத்தனை பேர் பள்ளியில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

1098க்கு அழைப்பவர்கள் "எங்க ஊரில் ஒரு கல்யாணம்" என்று மட்டும் சொன்னால் வேலை ஓடாது. பெண் கடைசியாகப் படித்த பள்ளி, வகுப்பு, அப்பா பெயர், ஊராட்சி, தேதி, மண்டபமா கோயிலா, மாப்பிள்ளை ஊர், இவ்வளவையும் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு மாதம் கழித்து அதே எண்ணுக்கு மறுபடி அழைத்து, "அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா?" என்று கேளுங்கள்.