மேட்டில் ஏறும் வண்டிக்குப் பெரிய டயர் வேண்டாம்

கேரளத்து இடுக்கி மலையில், பூப்பாறையில் என் மச்சினன் பிக்கப் வைத்திருக்கிறான். ஏலத்தோட்டத்தில் இருந்து பச்சைக்காய் ஸ்டோருக்கு, போடியில் இருந்து உரமூட்டை மேலே. போன வருடம் அதற்கு 31 இஞ்ச் டயர் மாட்டினான். வண்டி பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. இன்று அது கிளட்ச் கழற்றி ஷெட்டில் நிற்கிறது. பார்த்துவிட்டு வந்ததும் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் நிறைய தம்பிகள் இதே வேலையைச் செய்கிறார்கள்.

வண்டியோடு வந்த டயரின் அளவு 215/75 ஆர் 15. விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். 31 இஞ்ச் என்றால் 787. இதனால் வண்டியின் அடிப்பாகத்துக்குக் கிடைக்கும் உயரம் இந்த வித்தியாசத்தில் பாதிதான், நான்கு சென்டிமீட்டர் சொச்சம். ஆனால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 12 சதவீதம் கூடுதல் தூரம் ஓடுகிறது. கியர்ப்பெட்டிக்கும், பின் அச்சில் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனுக்கும் அது தெரியாது, அதே பற்கணக்கில்தான் சுற்றும். முதல் கியரின் இழுவை குறைந்து, வண்டி எப்போதும் அரை கியர் தூக்கிப் போட்ட மாதிரி கிளம்பும்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் அந்தச் சுமையில் பெரும்பகுதியை, இன்ஜினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கன்வெர்ட்டரில் உள்ள எண்ணெய் வாங்கிக்கொள்ளும். கையால் கியர் போடும் வண்டியில் வாங்குவது கிளட்ச் பிளேட்தான். போடியில் இருந்து மேலே வரும் போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் வந்தால் வளைவிலேயே நின்று, சுமையோடு திரும்பக் கிளப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் பெடலைப் பாதி விட்ட ஆஃப் கிளட்ச், ஒவ்வொரு தடவையும் அந்தக் கருகிய வாடை.

ஷெட்டில் கழற்றி வைத்த பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். லைனிங் தேய்ந்து ரிவிட் தலைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. ஃபிளைவீல் முகத்தில் சூட்டில் நீலம் பாய்ந்து திட்டுத்திட்டாக இருந்தது. டயர் மாட்டி 11 மாதம்தான் ஆகிறது. முன்பக்க மட்கார்டு உள்ளே, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசும் இடத்தில், பெயிண்ட் போய்த் தகரம் தெரிகிறது.

கிளட்ச் போனால் பணத்தோடு போகும். எனக்குப் பயம் இறக்கத்தில்தான். இரண்டு மாதம் முன்னால் அந்த வண்டியை போடிமெட்டில் இருந்து அடிவாரத்து முந்தல் வரை நான் ஓட்டி இறக்கினேன். பழைய டயரில் இரண்டாம் கியரில் போட்டால் இன்ஜினே பிடித்து நிறுத்தும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கலாம். இப்போது அதே கியரில் வண்டி ஓடுகிறது. சக்கரம் பெரிதாகப் பெரிதாக இன்ஜின் பிடிப்பும் குறைகிறது, அதே பிரேக் தரையில் கொடுக்கும் பிடியும் குறைகிறது. மீட்டரில் 30 என்றால் உண்மையில் 33க்கு மேல். கீழே வந்து பார்த்தபோது பின் டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை.

கொழுக்குமலை ஜீப்பெல்லாம் பெரிய டயரில் ஏறுகிறதே என்று மச்சினன் கேட்கிறான். சூரியநெல்லியில் இருந்து போகும் அந்த வண்டிகளுக்கு ஃபோர் வீலில், இழுவையைக் கூட்டும் லோ கியர் என்று தனியாக இருக்கிறது. நம் பிக்கப்பில் அது கிடையாது. கல்லுப் பாதைதான் பிரச்சினை என்றால் 235/75 வரை போகலாம், அதில் வித்தியாசம் நாலு சதவீதம்தான். அப்போதும் சுமை தாங்கும் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் வேண்டும் என்பவர் கிரவுன் பினியனையும் மாற்றியாக வேண்டும், அந்தச் செலவை யாரும் செய்வதில்லை.

அப்புறம் சட்டம். கம்பெனி கொடுத்த அளவை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே கேரளத்து வழக்கில்தான். இந்தப் பக்கம் வாகனச் சோதனையில் இதைக் கவனித்துப் பார்க்கிறார்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் டயரைத்தான் பார்ப்பார்.

நாலு சக்கரத்துக்கு மட்டும் பெரியது வாங்கி, ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். பின்னால் ஒரு பக்கம் பெரியது, ஒரு பக்கம் சின்னது என்று ஓடினால், இரண்டு பின் சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலின் பல் எவ்வளவு நாள் தாங்கும்?

பழைய டயர் நாலும் ஸ்டோருக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நல்லபடியாகவே கிடக்கின்றன. புது பிளேட் போடும்போதே அதையும் மாட்டிவிடச் சொன்னேன். "பார்க்கலாம் மச்சான்" என்கிறான். நாளைக்கும் போய்ச் சொல்வேன். அந்த வண்டியின் பின்னால் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களும் ஏறுகிறார்கள்.