எலிப் படம் போட்ட டெஸ்க்டாப்

களியக்காவிளையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு எக்ஸ்எஃப்சிஇதான் (விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் ஓடும், எலிச் சின்னம் கொண்ட டெஸ்க்டாப்) கதி. 1996-ல் தொடங்கிய திட்டம், இன்றும் இலேசாக ஓடுகிறது. குறை அதில் இல்லை, முதல் தடவை திறந்ததும் தெரிகிற முகத்தில்தான். மேலே நீளமாக ஒரு பட்டை, கீழே அரைக்கட்டையாய் இன்னொன்று. திரையில் திறந்த ஜன்னலைப் பெரிதாக்க ஓரத்தைப் பிடித்தால் நூலிழை மாதிரி ஒரு கோடு. மவுஸ் வழுக்கிக்கொண்டே போகும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மவுஸின் வலது பொத்தானால் இழுக்கலாம். சரி, அது யாருக்குத் தெரியும்? எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலைப் பையன், பள்ளியிலேயே லினக்ஸ் பழகியவன், திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது பழைய விண்டோஸா?" என்கிறான். தீம், ஐகான், எழுத்துரு எல்லாம் மாற்ற எனக்கு ஒரு மத்தியானமே போனது. அந்த வேலையை எக்ஸ்எஃப்சிஇ செய்கிறவர்களே முதலிலேயே முடித்துத் தந்தால் என்னவாம்?